விட்டிங்டன் கேட்ட மணியா இது? லண்டன் போ மணிகளின் கதை

லண்டன் சீப்சைட் தெருவில் இருக்கும் செயின்ட் மேரி-லெ-போ ஆலயத்தைப் பற்றி, சுருக்கமாக ‘போ’ என்பதைப் பற்றி, இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். டிக் விட்டிங்டன் என்ற ஏழைப் பையனைப் பற்றிய ஆங்கிலக் கதையில், லண்டனைவிட்டு ஓடிய அவனைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்ட அதே மணிகள்தான் இன்றும் அங்கே ஒலிக்கின்றனவா என்பது ஒன்று. பன்னிரண்டு மணிகள் இருந்தும் ஒரு பாட்டுகூட வாசிக்காமல் மணிக்கணக்கில் எதையோ தாறுமாறாக அடிக்கிறார்களே, ஏன் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. இப்போது அந்தக் கோபுரத்தில் தொங்கும் பன்னிரண்டும் 1956-ல் வார்க்கப்பட்டவை. ஆனால் அதோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. ஒரு பங்கு ஆலயத்தின் மணித்தொகுதியை எதை வைத்துப் பழையது என்று சொல்வது? வார்ப்பை வைத்துப் பார்த்தால் போ மணிகளுக்கு வயது ஏறக்குறைய எழுபது. அந்தக் கோபுரத்தில் மணி அடித்துவரும் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அறுநூறு ஆண்டுக்கு மேல். இரண்டாவது கணக்குதான் சரி என்பது என் கட்சி. அதற்குக் காரணம் அந்த மணிகளின் கதையிலேயே இருக்கிறது.

சீப்சைட் அந்தக் காலத்து லண்டனின் பெரிய கடைத்தெரு. பொற்கொல்லர்கள், துணி வியாபாரிகள், அவர்களிடம் தொழில் பழகும் பையன்கள் என்று எந்நேரமும் கூட்டம். அந்தத் தெருவில் நார்மன்கள் 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது இந்த ஆலயம். ‘போ’ என்றால் ஆங்கிலத்தில் வில். நிலவறையின் வில் வளைவுகளால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நிலவறை இன்னும் அப்படியே இருக்கிறது, இறங்கிப் பார்க்கலாம். மேலே இருந்த கட்டடத்துக்குத்தான் எப்போதும் ஏதாவது ஒரு கண்டம். 1091-ல் சூறாவளி கூரையைப் பிய்த்து எறிந்தது. 1196-ல், வரிச்சுமையை எதிர்த்து நகரத்து ஏழைகளைத் திரட்டிய வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ட் இந்தக் கோபுரத்துக்குள் புகுந்துகொள்ள, நெருப்பு மூட்டிப் புகைபோட்டு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். 1271-ல் கோபுரத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்து பலர் செத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அதே இடத்தில் கோபுரம் திரும்ப எழும்பியதற்கு முக்கியமான காரணம், நகரத்துக்கு அந்த மணி தேவைப்பட்டதுதான்.

அது ஊரடங்கு மணி. இரவானால் நகரத்தின் வாசல்களை மூட வேண்டும், கடைகளை அடைக்க வேண்டும். நேரத்தைச் சொல்வது மணிதான். 14-ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேலையைச் செய்த சில ஆலயங்களில் போவும் ஒன்று. 1469-ல் நகர மன்றம், போ மணியை தினமும் இரவு ஒன்பது மணிக்கு அடிக்க வேண்டும் என்று உத்தரவே போட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1472-ல், ஒரு துணி வணிகர் அந்த மணியைப் பராமரிப்பதற்கென்று தன் வீடுகளை எழுதிவைத்தார்.

இந்த ஒன்பது மணி விஷயத்தில் ஒரு சுவையான செய்தியை, லண்டனின் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ 1598-ல் எழுதிவைத்திருக்கிறார். மணி அடித்தால்தான் தொழில் பழகும் பையன்களுக்கு விடுதலை. மணி அடிக்கும் கோயில் எழுத்தர் தினமும் தாமதம் செய்கிறார் என்று அவர்களுக்குக் கோபம். ஆகவே அவரைப் பற்றி இரண்டு வரிப் பாட்டு கட்டினார்கள். மஞ்சள் முடிக்காரரே, இப்படி நேரங்கழித்து அடித்தால் தலையில் குட்டு விழும் என்பது அதன் பொருள். அவரும் இரண்டு வரியில் பதில் கொடுத்தார்: சீப் தெருப் பிள்ளைகளே, சும்மா இருங்கள், நீங்கள் விரும்புகிற நேரத்துக்கே போ மணி அடிக்கும். அரசர்கள் பேரும் பேராயர்கள் பேரும் மட்டுமே பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் ஒரு காலத்திலிருந்து, வேலை முடிகிற நேரத்துக்காக நடந்த இந்தச் சண்டை நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த மணிக்கு அன்றாடம் காத்திருந்தவர்கள் யார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்லாது.

சரி, விட்டிங்டன். ரிச்சர்ட் விட்டிங்டன் உண்மையில் வாழ்ந்தவர். குளோஸ்டர்ஷயரின் ஒரு நிலக்கிழார் குடும்பத்து இளைய மகன். லண்டனுக்கு வந்து விலையுயர்ந்த துணிகளை விற்றுப் பெரும் பணக்காரரானவர், அரசருக்கே கடன் கொடுத்தவர். 1397-ல் மேயர் இறந்துபோனதும் மீதிக் காலத்துக்கு அரசர் இவரை நியமித்தார். அதே ஆண்டு தேர்தலிலும் வந்தார். பிறகு 1406-லும் 1419-லும். 1423-ல் இறந்தார். சொத்தை நகரத்தின் நல்ல காரியங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மூட்டையும் பூனையுமாக ஊரைவிட்டு ஓடிய ஏழைப் பையன், ஹைகேட் மேட்டில் உட்கார்ந்து போ மணியைக் கேட்ட காட்சி ஆகியவையெல்லாம் அவர் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, 1605 வாக்கில்தான் தலைகாட்டுகின்றன. ஆக, கதையில் வருகிற மணிகளை விட்டிங்டன் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் சீப்சைடில் தொழில் செய்தவர் அவர், போவின் ஊரடங்கு மணி அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அந்த மணியின் வெண்கலம் 1666-ல் போய்விட்டது.

1666 செப்டம்பரில் லண்டனை எரித்த பெருந்தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீப்சைட் முழுக்க எரிந்தது, போவும் எரிந்தது, மணிகளும் போயின. பங்கு ஆலயங்களைத் திரும்பக் கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னிடம் வந்தது. அவர் போவுக்குத் தனி கவனம் கொடுத்தார் என்பதைச் செலவிலேயே பார்க்கலாம். கோபுரத்துக்கு மட்டும் 7,000 பவுண்டுக்கு மேல் ஆனது. ஆலயத்துக்கு ஆனதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய இடத்தைவிட முன்னே தள்ளி, கோபுரம் நேராகத் தெருமேல் நிற்கும்படி வைத்தார். அஸ்திவாரம் தோண்டும்போது பதினெட்டு அடி ஆழத்தில் பழைய ரோமானிய சாலையின் கெட்டியான தளம் தென்பட, அதன்மேலேயே கோபுரத்தை எழுப்பினார். 1680-ல் வேலை முடிந்தது. உச்சியில் செம்பில் செய்த டிராகன் ஒன்று காற்றின் திசையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 1941 குண்டுவீச்சையும் தாண்டி நிற்பது அது.

அந்தக் கோபுரத்துக்கு கிறிஸ்டோபர் ஹாட்சன் என்ற வார்ப்பாளர் எட்டு மணிகள் செய்தார். ஒன்று, இரண்டு என்றில்லாமல் எட்டு, அதுவும் ஒரு சுரவரிசையில். இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வந்து சேர்கிறது.

நம்மூர்ப் பங்குக் கோயில்களில் ஒன்றோ இரண்டோ மணி இருக்கும். திரிகால செபத்துக்கும் பூசைக்கும் துக்கத்துக்கும் அடிப்போம். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பல மணிகள் இருந்தாலும் அவை அவற்றின் போக்கில் ஆடி ஒலிக்கும், அல்லது பெல்ஜியத்தைப் போலச் சாவிப்பலகை வைத்து வாசிப்பார்கள். இங்கிலாந்து மட்டும் வேறு வழியில் போனது. சமய சீர்திருத்தத்துக்குப் பிறகு வழிபாட்டில் மணிக்கு இருந்த வேலை குறைந்தது. கோபுரமும் மணியும் கயிறும் இருந்தன, இளவட்டங்களுக்கு நேரமும் இருந்தது. மணி அடிப்பது பாதிரியார் சொல்லிச் செய்யும் வேலையாக இல்லாமல் ஊர்க்காரர்கள் தாங்களாகக் கூடிச் செய்யும் பயிற்சியாக மாறியது. 17-ஆம் நூற்றாண்டில் அது கணக்கும் உடலுழைப்பும் சேர்ந்த ஒரு கலையாகவே ஆகிவிட்டது.

இதற்குக் காரணம் மணியைத் தொங்கவிடும் முறை. மணியின் தலையில் ஒரு மரச்சட்டம், பக்கத்தில் ஆளுயரச் சக்கரம், சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிக் கயிறு. முதலில் மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊஞ்சல் மாதிரி உயர உயர ஆட்டி, கடைசியில் வாய் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக நிறுத்திவைப்பார்கள். அப்புறம்தான் அடிப்பது தொடங்கும். கயிற்றில் கம்பளி சுற்றிய தடித்த பகுதி ஒன்று உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் மணி சமநிலையிலிருந்து சரிந்து, ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபக்கம் வாய் மேலே பார்க்க வந்து நிற்கும். போகிற போக்கில் நாக்கு ஒரு தடவை மோதும். கம்பளிப் பிடி கையைவிட்டு மேலே ஏறிப் போய்விட்டிருக்கும். கையில் இருப்பது கயிற்றின் வால். அடுத்து வாலை இழுத்தால் மணி எதிர்த்திசையில் சுற்றி வரும், பிடியும் இறங்கி வரும். அதைச் சரியான கணத்தில் பிடிக்க வேண்டும். மேலே மணி நின்ற நிலையைத் தாண்டிவிடாமல் ஒரு மரக்கட்டை தடுக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் கட்டை முறிந்து, மணி தலைகுப்புறப் புரண்டு, கயிறு ஆளையே தூக்கிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே, கயிறு தாறுமாறாக மேலே போனால் உடனே கையை விட்டுவிடு என்பதுதான்.

இப்படிச் சுற்றுகிற மணியை, அதிலும் இரண்டு டன் எடையுள்ள ஒன்றை, நினைத்த நேரத்தில் ஒலிக்க வைக்க முடியாது. உச்சியில் ஒரு கணம் கூடுதலாக நிறுத்திவைக்கலாம், அல்லது ஒரு கணம் முன்னதாகத் திரும்பச் செய்யலாம். அவ்வளவுதான் ஆளின் கையில் இருக்கிறது. ஆகவே ஒரு பாட்டை வாசிப்பது நடக்காத காரியம். பாட்டில் ஒரே சுரம் அடுத்தடுத்து மூன்று தடவை வரும், ஒரு சுரம் நாலு அடி சும்மா இருக்கும். சுற்றும் மணியால் இரண்டுமே ஆகாது. அதனால் ஆங்கிலேயர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். எல்லா மணியும் ஒவ்வொரு தடவை ஒலிப்பது ஒரு வரிசை. அடுத்த வரிசையில் எந்த மணியும் தன் இடத்திலிருந்து ஓர் இடம் முன்னே வரலாம், ஓர் இடம் பின்னே போகலாம், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

நாலு மணியை எடுத்துக்கொள்வோம். சின்ன மணி 1, பெரியது 4. முதல் வரிசை 1234. அடுத்தது 2143. பிறகு 2413, 4231, 4321, 3412, 3142, 1324, கடைசியில் மீண்டும் 1234. ஒரு மணியை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். 1 என்ற மணி முதலிடத்திலிருந்து ஒவ்வொரு இடமாகக் கடைசிக்குப் போய், அங்கே இரண்டு தடவை ஒலித்து, அதே வழியில் திரும்புகிறது. மற்றவையும் அதே பாதையில்தான் போகின்றன, வேறு வேறு இடத்தில் தொடங்கி. எந்த வரிசையும் நடுவில் இரண்டாம் தடவை வரவில்லை. இதுதான் அடிப்படை. இதன்மேல் எத்தனையோ அமைப்புகளை மூன்றரை நூற்றாண்டாகக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். தாளைப் பார்த்து அடிப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் மணியின் பாதையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், மற்றக் கயிறுகள் இறங்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டே, காதால் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். நீங்கள் தாறுமாறு என்று கேட்டது இதைத்தான். அதில் ஒரு வரிசை தப்பிப்போய் இரண்டாம் தடவை வந்துவிட்டால்கூட மொத்தமும் செல்லாது என்று ஒதுக்கிவிடுகிற அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

ஏழு மணிகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? 5,040. அதனால்தான் ஒரு முழு அடிப்புக்கு, அவர்கள் பீல் என்று சொல்வதற்கு, 5,000 வரிசைக்குக் குறையக்கூடாது என்ற அளவு வந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் நிறுத்தாமல், ஆள் மாற்றாமல். முதல் முறையான பீல் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவது 1715 மே 2 அன்று நாரிச் நகரின் செயின்ட் பீட்டர் மான்க்ராஃப்ட் பங்கு ஆலயத்தில் அடித்தது. 3 மணி நேரம் 18 நிமிடம் எடுத்தது. எட்டு மணிகளுக்கு 40,320 வரிசைகள். அதையும் விடவில்லை. 1963 ஜூலையில் லஃப்பரோ வார்ப்பாலையின் கோபுரத்தில் எட்டுப் பேர் 17 மணி நேரம் 58 நிமிடத்தில் அடித்து முடித்தார்கள். நடுவில் ஒருவரும் கயிற்றை விடவில்லை. போவில் இருப்பதுபோல் பன்னிரண்டு என்றால் 47,90,01,600 வரிசைகள். நிமிடத்துக்கு 24 வரிசை என்று இரவு பகலாக அடித்தாலும் முப்பத்தெட்டு ஆண்டு ஆகும்.

இந்தக் கலையின் முதல் புத்தகம் 1668-லேயே வந்தது. அதை வெளியிட்ட ஃபேபியன் ஸ்டெட்மன் லண்டன் அச்சகத் தொழிலாளி. 1677-ல் தானே ஒன்று எழுதினார். அவர் பேரில் இருக்கும் அமைப்பை இன்றும் அடிக்கிறார்கள். அதற்கு முன்பே, 1637-ல், லண்டனில் மணி அடிப்பவர்களின் சங்கம் ஒன்று தொடங்கியிருந்தது. காலேஜ் யூத்ஸ் என்று அதன் பெயர். விட்டிங்டன் தன் சொத்தில் நிறுவச் செய்த கல்லூரி இருந்ததால் பெயர் பெற்ற காலேஜ் ஹில் தெருவிலிருந்து வந்த பெயர் அது. சங்கம் இன்னும் இருக்கிறது. விட்டிங்டனுக்கும் மணிகளுக்கும் உண்மையான தொடர்பு வேண்டும் என்றால் ஹைகேட் மேட்டுக் கதையைவிட இதுதான் எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

போவுக்குத் திரும்புவோம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு குறை எழுந்தது. பெரிய மணி, அதாவது டெனர், ஐரோப்பாவிலேயே ஈடில்லாதது என்று பேர் வாங்கியிருந்தது. மற்ற ஏழும் அதற்குப் பொருத்தமில்லை. 1758-ல் நகரத்துக்காரர்கள் சிலர் ஆலயக் குழுவிடம் மனு கொடுத்தார்கள்: ஏழையும் உருக்கித் திரும்ப வார்த்து, மேலே இரண்டு சின்ன மணிகளைச் சேர்த்துப் பத்தாக்கிக்கொள்ள அனுமதி வேண்டும், செலவு எங்களுடையது. அனுமதி கிடைத்தது. வொயிட்சாப்பல் வார்ப்பாலை வேலையை எடுத்தது. 1762 ஜூன் 4 அன்று, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாளில், பத்து மணிகளும் முதல்முறையாக ஒலித்தன. இந்த மனுவை நான் முக்கியமாக நினைக்கிறேன். அன்றைக்கு ஹாட்சனின் மணிகளுக்கு எண்பது வயதிருக்கும். அவை உடையவில்லை. ஆனாலும் பழையது என்பதற்காக யாரும் அவற்றைக் காப்பாற்ற நினைக்கவில்லை. தொகுதி நன்றாக ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். வெண்கலத்தை உருக்கித் திரும்ப வார்ப்பது அவர்களுக்கு அழிப்பதாகத் தோன்றவில்லை.

1881-ல் இன்னும் இரண்டு சேர்ந்து பன்னிரண்டு ஆனது.

இதற்குள் போ மணி லண்டன்காரர்களின் அடையாளமாகிவிட்டிருந்தது. அந்த மணியின் ஓசை எட்டும் தூரத்தில் பிறந்தவன்தான் காக்னி, அதாவது அசல் லண்டன்காரன், என்ற விளக்கம் 1617-ல் வெளிவந்த ஓர் அகராதியிலேயே இருக்கிறது. இரைச்சல் குறைவான அந்தக் காலத்தில் அது நகரத்துக்கு வெளியிலும் வெகுதூரம் கேட்டிருக்கும்.

1926-ல் பிபிசி இந்த மணிகளைப் பதிவு செய்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபிசியின் வெளிநாட்டு ஆங்கில ஒலிபரப்பு அந்தப் பதிவை நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒலிக்கும் அடையாள ஓசையாக எடுத்துக்கொண்டது. சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருந்த தலைமுறையில் நம்மூரிலும் இலங்கையிலும் அதைக் கேட்டவர்கள் உண்டு. இரைச்சலுக்கு நடுவே மேலிருந்து கீழே இறங்கும் மணிகள், அப்புறம் இது லண்டன் என்ற குரல். பதிவு ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் கோபுரத்தில் நிலைமை வேறு. 1920-களின் கடைசியில் மணிகள் அடிக்க முடியாத அளவுக்குப் பழுதாகியிருந்தன. ஆக்ஸ்ஃபர்ட் தெருப் பெரிய கடையின் உரிமையாளர் கார்டன் செல்ஃப்ரிட்ஜ் பணம் கொடுத்தார். கிராய்டனைச் சேர்ந்த கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் நிறுவனம் வேலையைச் செய்தது. 1933-ல் மணிகள் திரும்ப ஒலித்தன. ஏழு ஆண்டுதான். 1940 ஜூனில் இங்கிலாந்து முழுக்க ஆலய மணிகளை நிறுத்திவைத்தார்கள். எதிரிப்படை வந்து இறங்கினால் எச்சரிக்கையாக அடிப்பதற்கு மட்டும் என்று உத்தரவு.

அந்த மௌனத்திலேயே முடிவும் வந்தது. 1941 மே 10 இரவு விடிவதற்குள் லண்டன்மேல் விழுந்த குண்டுகள் மிகக் கொடுமையானவை. நாடாளுமன்றத்தின் மக்களவைக் கூடம் எரிந்தது அந்த இரவில்தான். போ ஆலயமும் எரிந்தது. கோபுரமும் வெளிச்சுவர்களும் நின்றன, உள்ளே இருந்த மரச்சட்டங்கள் எரிய, பன்னிரண்டு மணிகளும் கீழே விழுந்து நொறுங்கின. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இருபது ஆண்டு கோபுரத்தில் மணி இல்லை. பழைய விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் 1941-லிருந்து 1961 வரை ஒரு காக்னி கூடப் பிறக்கவில்லை. கிழக்கு லண்டனில் யாரும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அவர்கள் செய்தது சரி என்றுதான் நானும் சொல்வேன்.

விழுந்த மணிகளின் உலோகத்தைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1956-ல் அது வொயிட்சாப்பலுக்குப் போனது, இருநூறு ஆண்டுக்கு முன் பத்து மணித் தொகுதியை வார்த்த அதே ஆலைக்கு. அப்போது அதன் வணிகப் பெயர் மியர்ஸ் அண்ட் ஸ்டெய்ன்பேங்க். மணி வெண்கலம் என்பது ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும். பழைய உலோகத்தோடு புதியதையும் சேர்த்து உருக்கி, பன்னிரண்டும் புதிதாக வார்த்தார்கள். 1762-ல் செய்ய முடியாத ஒன்றை இப்போது செய்ய முடிந்தது. ஒரு மணியிலிருந்து வருவது ஒரே சுரம் அல்ல. அடியில் முனகும் ஒலி, அடித்ததும் கேட்கும் ஒலி, நடுவில் துயரச் சாயல் கொடுக்கும் ஒன்று என்று ஐந்து முக்கிய ஒலிகள் உண்டு. மணியைக் கவிழ்த்துவைத்துச் சுழற்றி, உட்பக்கத்தைச் சீவிச் சீவி ஐந்தையும் ஒன்றுக்கொன்று இசையவைக்கும் முறையை 1890-களில் ஆர்தர் சிம்ப்சன் என்ற பாதிரியார் எழுதிப் பரப்பினார். 1956-ன் போ மணிகள் அந்தக் காலத்துக்குப் பின் வந்தவை. ஓசைச் சுத்தத்தில் பழையவற்றோடு இவற்றை ஒப்பிடுவது கொஞ்சம் அநியாயம்.

நிதிக்கு பெர்னார்ட் சன்லி அறக்கட்டளையும் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டின் டிரினிட்டி ஆலயமும் கை கொடுத்தன. கட்டட வேலையைக் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் கிங் பார்த்துக்கொண்டார். 1961 டிசம்பரில், எடின்பரோ கோமகன் ஃபிலிப் முன்னிலையில் மணிகள் ஒலித்தன. ஆலயம் 1964-ல் மறுபடி அர்ச்சிக்கப்பட்டது.

இப்போது இருக்கும் பன்னிரண்டில் சின்னது கேதரின், சுமார் 300 கிலோ. பெரியதற்கு கிரேட் போ என்றே பெயர், சுமார் 2,130 கிலோ. இரண்டாவது மணியின் பெயர் ஃபேபியன், அடிப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் ஸ்டெட்மனைத்தான் நினைப்பார்கள். மில்ட்ரட், பான்க்ராஸ், அகஸ்டின் என்ற பெயர்கள் பெருந்தீயாலும் குண்டுவீச்சாலும் மறைந்து போவோடு சேர்ந்துபோன பக்கத்துப் பங்குகளை நினைவில் வைப்பவை. ஒவ்வொரு மணியிலும் விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வசனம் பொறித்திருக்கிறார்கள். வசனங்களின் முதல் எழுத்துகளைச் சின்ன மணியிலிருந்து பெரிய மணி வரை சேர்த்துப் படித்தால் டி. விட்டிங்டன் என்று வரும். ஆங்கிலத்தில் சரியாகப் பன்னிரண்டு எழுத்து.

இதே தொகுதியா, வேறா என்ற கேள்விக்கு லண்டனிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. டிரஃபால்கர் சதுக்கத்தில் செயின்ட் மார்ட்டின்-இன்-தி-ஃபீல்ட்ஸ் ஆலயத்தில் குளோஸ்டரின் ரட்ஹால் குடும்பம் 18-ஆம் நூற்றாண்டில் வார்த்த பன்னிரண்டு மணிகள் இருந்தன. 1988-ல், ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டையொட்டி அவை மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போயின. இன்று பெர்த் நகரில் ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கோபுரத்தில், வேறு ஆறு மணிகளோடு சேர்ந்து ஸ்வான் பெல்ஸ் என்ற பெயரில் ஒலிக்கின்றன. செயின்ட் மார்ட்டினுக்கு வொயிட்சாப்பலிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு வந்தன. அங்கே உலோகம் முழுசாகத் தப்பித்தது, ஆனால் பங்கைவிட்டுப் போய்விட்டது. போவில் உலோகம் உருகி உருகி வேறாகிவிட்டது, ஆனால் அதே தெரு, அதே பங்கு, நாலு தலைமுறைக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் பணம் போட்டு மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். பெர்த்தில் இருப்பவை அழகான பழைய மணிகள். அவற்றை யாரும் செயின்ட் மார்ட்டின் மணிகள் என்று கேட்கப் போவதில்லை. 1956-ல் வார்த்ததைப் போ மணி என்று சொல்ல யாரும் தயங்கியதில்லை.

இன்று இங்கிலாந்தில் இப்படிச் சக்கரத்தில் சுழலும் மணித்தொகுதி உள்ள கோபுரங்கள் ஐந்தாயிரத்துக்கு மேல். வெளிநாடுகளில் குறைவு. இந்தியாவில் புனேயின் ஹோலி நேம் ஆலயத்துக்கு 1893-ல் லஃப்பரோவின் ஜான் டெய்லர் ஆலையிலிருந்து எட்டு மணிகள் வந்தன. வொயிட்சாப்பல் ஆலை 1570-லிருந்து வார்த்துக்கொண்டிருந்தது, பிக் பென் மணியும் அங்கே 1858-ல் வார்த்ததுதான். 2017-ல் அது மூடப்பட்டுவிட்டது. போ மணிகளை இரண்டு நூற்றாண்டாக வார்த்துக் கொடுத்த இடம் அது, அதை இழந்தது பெரிய நஷ்டம். இனி போவில் ஒரு மணி வெடித்தால் வேறெங்காவதுதான் போக வேண்டும்.

அடுத்த முறை சீப்சைட் பக்கம் போய் மணி அடிப்பது கேட்டால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல வேண்டாம். முதலில் இறங்குவரிசையில் வரும், பெரிய மணியில் முடியும். அந்தப் பெரிய மணியைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிகள் இடம் மாறும் அமைப்பு என்றால் கிரேட் போ ஒவ்வொரு வரிசையிலும் கடைசியில் அசையாமல் நிற்கும், வரிசை எங்கே முடிகிறது என்று அதுவே சொல்லிவிடும். அப்புறம் சின்ன மணி கேதரினைத் தேடுங்கள். அது முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் ஒவ்வொரு இடமாக நகர்வது முதலில் கேட்காது, கால் மணி நேரம் நின்றால் கேட்கத் தொடங்கும்.